27 வயதில் நான் பின்தங்கிவிட்டேனா என்று கேட்ட தங்கைக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பர்மாவில், யாங்கோனில் (ரங்கூன்) இருக்கிறீர்கள், வயது 27. 2020-ல் படிப்பு முடியும் தறுவாயில் பல்கலைக்கழகம் மூடிவிட்டது, வணிகவியல் பட்டம் கைக்கு வர 2023 ஆனது. இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறீர்கள். உங்களோடு பத்தாவது எழுதிய ஒருத்தி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள், இன்னொருத்திக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. 22 வயதுத் தம்பி பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதற்குப் பயந்து வீட்டை விட்டு வெளியே போவதில்லை. மோல்மீன் நகரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்திருக்கிறார், தை பிறப்பதற்குள் பதில் சொல்லியாக வேண்டும், 28-க்குள் கல்யாணம் முடிய வேண்டும் என்கிறார் அம்மா. "அந்தந்த வயதில் அது அது நடக்க வேண்டும், இந்த அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பது" என்பது உங்கள் கேள்வி.

ஆனால் நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் என்னை நிறுத்தியது. "எனக்கு எதுவுமே நேரத்துக்கு நடக்கவில்லை, என்னிடம்தான் ஏதோ குறை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் கேட்பது இரண்டு கேள்விகள். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பது ஒன்று. என் வாழ்க்கை தோற்றுவிட்டதா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு மனதுக்குள் "ஆமாம்" என்று பதில் எழுதிவைத்துக்கொண்டு முதலாவதற்குப் பதில் தேடினால், வந்த எந்தச் சம்பந்தத்துக்கும் தலையாட்டத்தான் தோன்றும். அதனால் இரண்டாவதையே முதலில் பேசுகிறேன்.

நான் மனவியல் படித்தவள். நம் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் உட்கார்ந்து பேசுவதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. அதை வைத்துச் சில விஷயங்களை உறுதியாகச் சொல்ல முடியும். அந்த மாப்பிள்ளை நல்லவரா, உங்களுக்குப் பொருந்துவாரா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

எந்த வயதில் எது நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு சமூகமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இதை முறையாக ஆராய்ந்தவர் பெர்னிஸ் நியூகார்ட்டன் என்ற அமெரிக்க மனவியலாளர். 1965-ல் வெளிவந்த ஆய்வுக்காக அவரும் அவருடைய குழுவினரும் நடுத்தர வர்க்கத்து அமெரிக்கர்களிடம் கேட்டபோது, ஓர் ஆண் 20 முதல் 25 வயதுக்குள் மணம் முடிப்பதுதான் சரி என்று ஆண்களில் 80 விழுக்காட்டினரும் பெண்களில் 90 விழுக்காட்டினரும் சொன்னார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைந்துவிட்டார்கள். இது அமெரிக்காவில் எடுத்த கணக்கு, இந்த எண்களை யாங்கோனுக்கு அப்படியே தூக்கி வர முடியாது. ஆனால் இதிலிருந்து ஒன்றை நம்பி எடுத்துக்கொள்ளலாம். "இதுதான் சரியான வயது" என்று ஊரே ஒரே குரலில் சொன்னாலும், அது ஒரு தலைமுறைக்குள் மாறக்கூடிய பேச்சுதான். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த வயது வரம்புகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, மற்றவர்கள்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பலரும் நினைத்தார்கள். நம் தெருவிலும் இதைக் கேட்கிறேன். "எனக்கு ஒன்றும் இல்லைம்மா, நாலு பேர் கேட்பாங்களே" என்று சொல்லாத தாயை நான் பார்த்ததே இல்லை. அந்த நாலு பேரும் அவரவர் வீட்டில் இதையேதான் சொல்கிறார்கள்.

பர்மாவில் வாழும் தமிழர்களுக்கு இந்தக் கணக்கு எப்போதுமே சரியாக வந்ததில்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் காட்டு வழியாக அஸ்ஸாமுக்கும் மணிப்பூருக்கும் நடந்தார்கள். 1964-ல் நே வின்னின் ராணுவ ஆட்சி கடைகளை அரசுடைமையாக்கியது, 50, 100 சாட் (பர்மா நாணயம்) நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின. குடும்பங்கள் பாதி கப்பல் ஏறிச் சென்னைக்குப் போக, பாதி இங்கே தங்கின. 1982-ல் வந்த குடியுரிமைச் சட்டம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு வெவ்வேறு நிறக் குடியுரிமை அட்டை கொடுத்தது. இதில் எத்தனை பேருடைய படிப்பும் கல்யாணமும் தொழிலும் தள்ளிப்போயிருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் தலைமுறைக்கு 2020-ல் கோவிட், 2021 பிப்ரவரியில் ஆட்சி மாற்றம், 2024-ல் கட்டாய ராணுவ சேவை, 2025 மார்ச் 28-ல் மண்டலே, சகைங் பக்கம் நிலநடுக்கம். பல்கலைக்கழகத்தைப் பூட்டியது நீங்கள் இல்லை. அந்தப் பூட்டு திறக்கும் வரை காத்திருந்து பட்டம் வாங்கியவர் நீங்கள். எழுதும்போது இதை ஒரு தாமதமாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

என்னிடம் வருகிறவர்களை நான் செய்யச் சொல்லும் ஒரு வேலை உண்டு. ஒரு தாளில் உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேரின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொருவரும் எந்த வயதில் படிப்பை விட்டார், எந்த வயதில் வேலைக்குப் போனார், எப்போது கல்யாணம், எப்போது முதல் குழந்தை, எப்போது சொந்தமாக ஒரு கூரை என்று கேட்டுக் கேட்டுக் குறியுங்கள். ஆயாவிடம் கேட்டால் அவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் பேச்சு திசை மாறும். இப்படி எழுதிக் கொண்டுவந்தவர்களின் தாளில் நான் பார்த்தது என்னவென்றால், "அந்தந்த வயதில்" எல்லாம் நடந்த ஆள் வீட்டுக்கு ஓரிருவர்தான் தேறுவார்கள். 35-ல் மணம் முடித்த பெரியப்பா இருப்பார், கல்யாணமே செய்யாமல் தம்பி தங்கைகளை ஆளாக்கிய அத்தை இருப்பார். சரியான வயதில் எல்லாம் நடந்தும் நிம்மதி இல்லாமல் போனவரும் அதே தாளில் இருப்பார். இது ஆய்வு இல்லை, என் தொழிலில் கண்டது. ஆனால் உங்கள் குடும்பத்துக் கணக்கு உங்கள் கையில் இருக்கும்போது, ஊர்க் கணக்கு சொல்லும் மாமாவுக்கு முன்னால் உட்காருவது எளிதாக இருக்கும்.

அந்த மாமா "பருவத்தே பயிர் செய்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஔவையார் சொன்னது சரியான பேச்சு. பெகு பக்கம் வயல் பார்க்கும் நம் ஆட்களைக் கேளுங்கள், மழை பிந்தினால் நாற்று விடுவதையும் தள்ளித்தான் வைப்பார்கள். தேதி வந்துவிட்டது என்று காய்ந்த மண்ணில் யாரும் விதைக்க மாட்டார்கள்.

இனி அம்மா பக்கம் வருகிறேன். எல்லாம் வெறும் ஊர்ப்பேச்சு என்று ஒதுக்கிவிட்டால் அவருக்கு அநியாயம் செய்வோம். அவர் சொல்லும் வயதுகளில் சிலவற்றுக்கு நிஜமான காரணம் இருக்கிறது, அவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ராணுவ சேவைச் சட்டம் 2010-ல் எழுதப்பட்டு, 2024 பிப்ரவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35, பெண்களுக்கு 18 முதல் 27. மருத்துவர், பொறியாளர் போன்ற தொழில் தெரிந்தவர்களுக்கு இது ஆணுக்கு 45, பெண்ணுக்கு 35 வரை போகும். மணமான பெண்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. பெண்களை இப்போதைக்கு அழைக்கப் போவதில்லை என்று தொடக்கத்தில் அதிகாரிகள் சொன்னாலும், அந்த விலக்கை நம்பி அவசரமாக மகளுக்குக் கல்யாணம் முடித்த வீடுகள் பல. அம்மா "28-க்குள்" என்று பிடிவாதம் பிடிப்பதில் இந்தப் பயம் கலந்திருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கலந்திருந்தால் அது கல்யாணப் பேச்சு இல்லை, பாதுகாப்பைப் பற்றிய பேச்சு. உங்கள் பிறந்த தேதிக்கும் படிப்புக்கும் சட்டம் எப்படிப் பொருந்துகிறது என்பதை நம்பகமான வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னைப் போன்றவர்களிடமோ பக்கத்து வீட்டிலோ கேட்டு முடிவு செய்யாதீர்கள். பெண்களுக்கான உச்ச வயது 27 என்பதால், உங்கள் விஷயத்தில் இந்தக் காரணத்துக்கு ஆயுள் அதிகம் இல்லை. இவ்வளவு சீக்கிரம் தீரப்போகும் ஒரு பயத்துக்காக ஆயுசுக்கும் நிற்கப்போகும் முடிவை எடுப்பது சரியா என்று அம்மாவும் நீங்களும் சேர்ந்து யோசிக்கலாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், நம் பெண்களில் பலர் கல்யாணத்துக்குப் பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். 1955-ல் இந்தியாவில் வந்த இந்துத் திருமணச் சட்டம் பர்மாவில் செல்லாது. இங்கே இன்றும் 1898-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்யாணம், வாரிசு போன்ற விஷயங்களில் பௌத்தருக்குப் பௌத்த மரபு, முஸ்லிம்களுக்கு அவர்கள் மரபு, இந்துக்களுக்கு இந்து மரபு என்றுதான் நீதிமன்றம் பார்க்கிறது. அந்தப் பழைய இந்து மரபில் ஒரு பெண் திருமணத்திலிருந்து சட்டப்படி விலகும் வழி மிகமிகக் குறுகியது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வெளியே வரும் கதவு இவ்வளவு சிறியதாக இருக்கும்போது உள்ளே போவதற்குச் சில மாதங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்வது பிடிவாதமோ திமிரோ ஆகாது.

உடம்பின் வயது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் அது அவசரம் இல்லை. பெண்ணின் கருத்தரிக்கும் திறன் 30களின் தொடக்கத்திலிருந்து மெல்லக் குறைகிறது, 37 வாக்கில் அந்தக் குறைவு வேகமெடுக்கிறது. இது மருத்துவம் உறுதியாகச் சொல்வது. அது ஒரு சரிவு, 28-ஆம் பிறந்தநாளில் மூடும் கதவு இல்லை. ஆணின் வயதுக்கும் இதில் பங்கு உண்டு, அதை நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வராமலிருந்தாலோ வேறு தொந்தரவு இருந்தாலோ கல்யாணப் பேச்சுக்குக் காத்திராமல் இப்போதே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

பணமும் ஒரு காரணம், அதை அம்மா வாய்விட்டுச் சொல்ல மாட்டார். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 1,300 சாட் சொச்சம் இருந்தது, 2024-ல் வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டிவிட்டது. தங்கமும் அதற்கேற்ப ஏறியது. உங்கள் கல்யாணத்துக்கென்று சாட்டாகச் சேர்த்து வைத்த பணம் ஒவ்வொரு வருடமும் குறைவான பவுனைத்தான் வாங்குகிறது. பெற்றவர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும் விஷயம். ஆனால் இதற்குத் தீர்வு நகையை இப்போதே வாங்கி வைப்பது, கல்யாணத்தை அவசரப்படுத்துவது இல்லை. ஒரு வீட்டில் இதைப் பேசி முடித்ததும் பாதி நெருக்கடி குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். இது என் ஊகம், தவறாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். உங்கள் தம்பி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறான். அவன் படிப்பைப் பற்றி, வேலையைப் பற்றி உங்கள் பெற்றோரால் ஒரு முடிவும் எடுக்க முடியவில்லை. 2024 மே மாதத்தில் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போவதையும் நிறுத்தினார்கள். விலைவாசி அவர்கள் கையில் இல்லை, மின்சாரம் எப்போது வரும் என்பதுகூட அவர்கள் கையில் இல்லை. "நம்மால் செய்து முடிக்க முடியும்" என்று அவர்களுக்கு மிச்சம் இருக்கும் ஒரே காரியம் உங்கள் கல்யாணம். இப்படிப்பட்ட வீடுகளில் மகள்மீது விழும் அழுத்தத்தில் பெரும்பங்கு மகனைப் பற்றிய கவலை. அதை மகள் தன் குறை என்று எடுத்துக்கொண்டு தேய்ந்து போகிறாள். அம்மாவிடம் ஒருநாள் தம்பியைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவர் அழட்டும். பிறகு கல்யாணப் பேச்சின் சூடு எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

ஒப்பிடுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தன்னை எடைபோட வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் தங்களைப் போன்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று 1954-லேயே லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதினார். இது இயல்பு, வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் "நம்மைப் போன்றவர்" என்று நீங்கள் எடுத்திருக்கும் இரண்டு பேரும் இன்று உங்களைப் போன்றவர்கள் இல்லை. சிங்கப்பூர்த் தோழி 2019-லேயே போய்விட்டாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மூடிய பல்கலைக்கழகத்தை அவள் பார்க்கவே இல்லை. இங்கே ஃபேஸ்புக்கை 2021-ல் தடை செய்தார்கள், தடையைத் தாண்ட விபிஎன் செயலி போட்டு உள்ளே போய்ப் பார்க்கிற படங்கள்தான் உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கின்றன. இரவில் அதைத் திறக்காமல் இருந்து பாருங்கள், பெரும்பாலானவர்களுக்கு இது ஓரளவு உதவுகிறது. முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

கல்யாணம் ஆகிவிட்டால் இந்த மனபாரம் இறங்கிவிடுமா என்பதற்கும் ஓரளவு பதில் இருக்கிறது. ஜெர்மனியில் 24,000-க்கும் மேற்பட்டவர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2003-ல் வெளிவந்தது. மணமான காலத்தையொட்டி வாழ்க்கைத் திருப்தி கொஞ்சம் ஏறி, பிறகு சராசரியாக முன்பிருந்த இடத்துக்கே திரும்பியது. ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு இருந்தது, சிலர் உயர்ந்த இடத்திலேயே நின்றார்கள், சிலர் முன்பைவிடக் கீழே போனார்கள். ஜெர்மன்காரர்களின் கல்யாணமும் நம் கல்யாணமும் ஒன்றல்ல, அதனால் இதை மிகவும் இழுக்க விரும்பவில்லை. "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற உறுதிமொழியை யாரும் உங்களுக்குத் தர முடியாது என்று சொல்ல மட்டும் இது போதும்.

இனி, என்ன பேசுவது. சமையல் நடக்கும்போதோ, பங்குனியில் கோவிலில் சொந்தங்கள் சூழ நிற்கும்போதோ இதைப் பேசாதீர்கள். அம்மா கேட்கக்கூடிய ஒருவரை, பெரியம்மாவோ தாய்மாமாவோ, முதலில் தனியாகப் பார்த்து உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். பிறகு அம்மாவிடம் "வேண்டாம்" என்பதிலிருந்து தொடங்காமல் ஒரு தவணை கேளுங்கள். "தை வரைக்கும் பதில் கேட்காதீங்கம்மா, மார்கழியில எப்படியும் கல்யாணம் வைக்க மாட்டோம். தை பொங்கல் முடிஞ்சதும் நானே உட்கார்ந்து பேசுறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்ன நாளில் நீங்களே பேச்சை எடுங்கள், இல்லையென்றால் அடுத்த தவணை கிடைக்காது. தெருவில் கேட்பவர்களுக்கு அம்மா சொல்ல ஒரு பதிலும் கொடுங்கள். "ஜாதகம் பார்த்துக்கிட்டிருக்கோம்" என்பதோ "பொண்ணு கணக்குப் பரீட்சை எழுதுது" என்பதோ, உண்மையாக இருக்கிற ஏதாவது ஒன்று. அவரைக் கேள்விகளுக்கு முன்னால் வெறும் கையோடு நிறுத்தினால் அந்தக் கோபம் வீட்டுக்குத்தான் வரும்.

அந்த மாப்பிள்ளை விஷயத்தில் ஒரே ஒரு சோதனை. இதே மனிதர் உங்களுக்கு 23 வயதில், படிப்பு நிற்காமல், தம்பிக்கு ஆபத்தில்லாமல் இருந்தபோது வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அப்போதும் "பார்க்கலாம்" என்றிருப்பீர்கள் என்றால், வயதுக்காக மறுக்கவும் வேண்டாம். அவரோடு குறைந்தது சில முறையாவது நேரில் பேசக் கேளுங்கள். நீங்கள் வேலைக்குப் போவது, மோல்மீனில் யாரோடு குடியிருப்பது, உங்கள் பெற்றோருக்கு நீங்கள் பணம் கொடுப்பது, அவரும் ராணுவ வயதில் இருந்தால் அதற்கு அவர் என்ன நினைத்திருக்கிறார், இவற்றை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கே முகம் சுளிக்கிற குடும்பம் என்றால் அதுவும் உங்களுக்குத் தேவையான தகவல்தான். "பார்க்கலாம்" என்று வராமல், "வேண்டாம், ஆனால் இனி யார் வருவார்" என்று மனம் சொன்னால், அங்கே பேசுவது பயம். அந்தப் பயத்தை வைத்து மாலை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, "ராத்திரி தூக்கம் இல்லை, காலையில் எழவே பிடிக்கவில்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் அதைக் கடக்க மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இப்படி இருந்தால், சாப்பாடு இறங்காமல், முன்பு பிடித்ததெல்லாம் வெறுத்துப் போயிருந்தால், அது ஊர்ப்பேச்சால் வந்த சோர்வு என்ற அளவைத் தாண்டியிருக்கலாம். வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரிடமே முதலில் இதைச் சொல்லலாம், அவர் தேவையானால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் காத்திருக்காதீர்கள், இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கான பதில் அதற்குப் பிறகு இருக்கட்டும், மனம் இப்படி இருக்கும்போது "சரி", "வேண்டாம்" இரண்டையுமே சொல்லக் கூடாது. அம்மாவிடம் முதலில் கேட்க வேண்டிய தவணை இதற்காகத்தான்.